மணி கட்டிய தொப்பி

அன்புள்ள ஐயா,

மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஆங்கிலப் படப் பத்திரிகைகளின் கிறிஸ்துமஸ் இதழ்கள் சிலவற்றைச் சேர்த்துத் தைத்த ஒரு தொகுதி கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே 1850 தொடங்கி 1890 வரை தேதிகள் தெரிகின்றன. பக்கத்துக்குப் பக்கம் கோமாளி. இரண்டு கொம்பு வைத்த தொப்பி, நுனியில் மணி, ஒரு கால் கறுப்பு, ஒரு கால் வெள்ளை, கையில் சின்னத் தலை பொருத்திய ஒரு கோல். ராஜாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். பன்றித் தலையைத் தட்டில் ஏந்திவரும் ஊர்வலத்துக்கு முன்னால் குதிக்கிறான். ஒரு படத்தில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். நடுநடுவே வேறு ஒரு கோமாளியும் வருகிறான். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு போலீஸ்காரரை ஓட ஓட விரட்டுகிறான்.

விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் இப்படி ஒருவர் சம்பளத்துக்கு இருந்தாரா? கிறிஸ்துமஸுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? சிரிக்கவைக்க வேண்டியவரை ஏன் சோகமாகவே வரைகிறார்கள்? ரம்மி சீட்டில் வரும் ஜோக்கரும் இவர்தானா?

எஸ்.,
மதுரை

அன்புள்ள எஸ்.,

அட்டை போன புத்தகங்களில்தான் நல்ல சரக்கு இருக்கும். உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ இருநூறு வருடம் முன்பே அந்தப் பதவி ஒழிந்துபோயிற்று. ஆனால் 'மகாராணியின் விகடன்' என்று போஸ்டர் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒருவர் இருந்தார். வில்லியம் வாலட் என்று பெயர், சர்க்கஸ்காரர். 1844-இல் விண்ட்சரில் விக்டோரியாவுக்கு முன்னால் வேடிக்கை காட்டினார். அவ்வளவுதான். மிச்ச ஆயுள் முழுக்க அந்தப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். 1870-இல் வந்த சுயசரிதையின் தலைப்பிலும் அது இருக்கிறது. ஒருமுறை கலெக்டர் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்துவிட்டு 'கலெக்டர் மெச்சிய வித்வான்' என்று நோட்டீஸ் அடிப்பார்களே, அந்த மாதிரி. சர்க்கஸ் வளையத்துக்கு நடுவில் பழங்கால விகடன் உடையில் நின்றுகொண்டு ஷேக்ஸ்பியர் வரிகளை அள்ளிவிடுவது வாலட்டின் பாணி. அரண்மனையில் இல்லாத ஆள் சர்க்கஸில் இருந்தார் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மேலே போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நாம் இரண்டு பேரையுமே கோமாளி என்கிறோம். ஆங்கிலத்தில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். மணித் தொப்பிக்காரர் ஜெஸ்டர், ராஜாவை அண்டிப் பிழைப்பவர். வெள்ளை பூசியவர் க்ளவுன். அந்தச் சொல்லுக்கு ஆதியில் பட்டிக்காட்டான் என்றுதான் பொருள். முன்னவரை விகடன் என்றும் பின்னவரைப் பபூன் என்றும் இங்கே சொல்கிறேன். பபூன் நமக்குப் புதியவர் இல்லை, நம் ஸ்பெஷல் நாடக மேடை அந்த ஆங்கிலச் சொல்லை எப்போதோ எடுத்துத் தமிழாக்கிக்கொண்டது. உங்கள் தொகுதியில் இருவரும் அடுத்தடுத்த பக்கங்களில் வருவதால் பங்காளிகள் போலத் தெரிகிறார்கள். என் கட்சி என்னவென்றால், அந்தக் காலத்தில் பபூன் உயிரோடு நடமாடியவர், விகடன் பழைய புத்தகங்களிலிருந்து தைத்து எடுக்கப்பட்டவர்.

நிஜ அரசவை விகடர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் விகடன் வில் சாமர்ஸ். 1560-இல் இறந்தார். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், 1545-ஐ ஒட்டி வரையப்பட்ட ஹென்றி குடும்பத்தின் பெரிய ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஓரத்து வளைவு வாசலுக்கு அப்பால் நிற்கிறார் சாமர்ஸ். தோளில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. தொப்பியில் மணி இல்லை, கொம்பும் இல்லை.

இன்னொரு படம் இதைவிட ருசியானது. ஹென்றி தனக்கென்று எழுதவைத்த சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது. 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்று ஆரம்பிக்கும் சங்கீதத்தைத் தேவாலயம் போகிறவர்கள் அறிவார்கள். ஐரோப்பாவில் கையால் எழுதிய சங்கீதப் புத்தகங்களில் இந்த இடம் வந்தால் ஒரு மதிகேடனை வரைவது சம்பிரதாயம். காலப்போக்கில் அவனுக்குக் கழுதைக் காது, மணி, தலை பொருத்திய கோல் எல்லாம் சேர்ந்தன. அதாவது அது ஒரு அடையாளம், எமனுக்கு எருமை மாதிரி. எருமையைப் பார்த்தால் எமன் என்று தெரிய வேண்டும், மணியைப் பார்த்தால் மதிகேடன் என்று தெரிய வேண்டும். பிரான்சில் சில திருவிழாக் கூட்டங்கள் அந்த உடையை நிஜமாகவே தைத்து மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனதும் உண்டு, அது வேறு விஷயம். ஹென்றியின் ஓவியர் அந்தச் சங்கீதத்துக்கு என்ன வரைந்தார் தெரியுமா? ஹென்றியையே தாவீது ராஜாவாக்கிச் சுரமண்டலத்தோடு உட்காரவைத்தார். மதிகேடன் நிற்க வேண்டிய இடத்தில் வில் சாமர்ஸை நிறுத்தினார். சாதாரணப் பச்சைக் கோட்டுதான் போட்டிருக்கிறார் சாமர்ஸ். மணி வரையச் சரியான இடமே அதுதான். இருந்தும் வரையவில்லை, ஏனென்றால் அரண்மனையில் சாமர்ஸை எல்லாருக்கும் தெரியும்.

பதவி ஒழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் சார்ல்ஸ் ராஜாவின் விகடன் ஆர்ச்சி ஆம்ஸ்ட்ராங்குக்கும் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆர்ச்பிஷப் லாடுக்கும் ஆகாது. லாட் என்ற சொல்லுக்குத் துதி என்றும் அர்த்தம் உண்டு. ஆளும் குள்ளம். விருந்தில் ஜெபம் சொல்லும் சாக்கில் ஆர்ச்சி, 'கடவுளுக்குப் பெருந்துதி, பிசாசுக்குச் சிறு லாட்' என்றார் என்பார்கள். அது போகட்டும் என்று விட்டார்கள். பிறகு லாட் திணித்த ஜெபப் புத்தகத்தை எதிர்த்து ஸ்காட்லாந்தில் கலகம் கிளம்பியபோது, 'இப்போது யார் முட்டாள்?' என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். 1638-இல் அவர் கோட்டைத் தலைவழியாக உருவி வெளியே அனுப்பினார்கள். பதினோரு வருடம் கழித்து ராஜாவின் தலையே போயிற்று. 1660-இல் முடியாட்சி திரும்பியபோது எல்லாப் பதவியும் திரும்பியது, விகடன் பதவி மட்டும் திரும்பவில்லை.

அப்படியானால் உங்கள் தொகுதியில் இருக்கும் ஆள் எங்கிருந்து வந்தார்? பெரும்பாலும் நூலகத்திலிருந்து. 1807-இல் பிரான்சிஸ் டௌஸ் என்ற பழம்பொருள் ஆராய்ச்சியாளர் ஷேக்ஸ்பியரின் விகடர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பழைய ஏடுகளிலிருந்தும் அச்சுப் படங்களிலிருந்தும் பிரதி எடுத்த விகடன் உருவங்கள் அதில் இருந்தன. நாடகக்காரர்களும் ஓவியர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1819-இன் கடைசியில் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் வந்தது. அதில் வரும் வாம்பா என்ற விகடன் ஒரே வருடத்தில் மேடை ஏறிவிட்டார். 1834-இல் பிளாஞ்சே எழுதிய உடை வரலாற்று நூல் நாடக உடை தைப்பவர்களுக்குக் கைவிளக்கு ஆயிற்று. இந்த பிளாஞ்சேயே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தேவதைக் கதை நாடகங்கள் எழுதிக் குவித்தவர், ஆகவே நூலகத்துக்கும் மேடைக்கும் இடையில் தூரமே இல்லை. மதிகேடனின் அடையாளச் சின்னங்களை எடுத்து, இதுதான் அரண்மனைச் சீருடை என்று நினைத்துத் தைத்தார்கள். ஷேக்ஸ்பியர் விகடர்களின் உடைக்குச் சொல்லும் 'மாட்லி' என்பது துண்டு துண்டாக நிறம் மாறும் உடையே அல்ல, பல நிற நூல் கலந்து நெய்த துணியில் தைத்த நீளக் கோட்டு என்று லெஸ்லி ஹாட்சன் 1952-இல் ஒரு புத்தகமே எழுதி வாதாடினார். அதற்குள் நூற்றைம்பது வருடம் ஓடிவிட்டது. யார் கேட்பார்கள்?

ஓவியர்களுக்கு இந்த உடை ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு எனக்கு ஒரு சொந்த விளக்கம் உண்டு. அந்தப் பத்திரிகைப் படங்கள் பாக்ஸ் என்னும் கெட்டி மரத்தில் செதுக்கி அச்சடித்தவை. அந்த மரம் பெரிதாக வளராது, அதனால் அரைச்சாண் அகலக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று முடுக்கிப் பெரிய படம் செய்வார்கள். அவசரம் என்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து இரவெல்லாம் செதுக்கவைப்பார்கள். நிறம் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கால் கறுப்பு, ஒரு கால் வெள்ளை என்று ஒருவன் வந்து நின்றால் அவனைவிட வசதியான மாடல் கிடைக்குமா? நிழலுருவத்தை மட்டும் பார்த்தாலே ஆள் தெரியும். கட்டைவிரல் அளவு எழுத்துக்குள் நுழைத்தாலும் அந்த இரண்டு கொம்பு காட்டிக்கொடுத்துவிடும். பஞ்ச் என்ற லண்டன் நகைச்சுவைப் பத்திரிகையில் கட்டுரையின் முதல் எழுத்தை அலங்கரிக்கும் குட்டிப் படங்களில் இவர் அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பத்திரிகையின் பஞ்ச் ஐயாவே இத்தாலியிலிருந்து வந்த கூனல் பொம்மைதான், ராஜாவின் விகடன் இல்லை. ரிச்சர்ட் டாய்ல் 1849-இல் வரைந்த அட்டை நூறு வருடத்துக்கும் மேலாக மாறாமல் ஓடியது. அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் ஒன்று என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் சம்பந்தத்துக்கு வருகிறேன். எட்டாம் ஹென்றியின் வம்சமான டியூடர்கள் காலத்து அரண்மனைகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாளுக்கும் ஒரு பொய் ராஜாவை நியமிப்பார்கள். கூத்துக்கு அவர்தான் தலைவர். அவர் விகடன் அல்ல, தற்காலிக அதிகாரி. 1640-களில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்கள் கிறிஸ்துமஸையே தடை செய்தார்கள். தடை போன பிறகும் பழைய ஆர்ப்பாட்டம் முழுசாகத் திரும்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைக்கூண்டுகளுக்கு நடுவில் வாழ்ந்த நகரத்து ஆட்களுக்கு, அந்தக் காலத்தில் நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்ற ஏக்கம் வந்தது. (நமக்கும் கூட்டுக்குடும்பப் பொங்கல் பற்றி வருகிறதே, அதே ஏக்கம். அந்தப் பொங்கலில் யார் பாத்திரம் கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.) அந்தக் கற்பனைப் பழைய கிறிஸ்துமஸை வரையும்போது பொய் ராஜா, விகடன், பன்றித் தலை எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பந்தியைப் படமாக்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சீமோர். 1836 என்று தேதியிட்ட 'கிறிஸ்துமஸ் புத்தகம்' ஒன்றுக்கு அவர் வரைந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் பிள்ளைகள், குழப்பத்தின் பொய் ராஜா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அதே வருடம் ஒரு புதிய மாதத் தொடருக்கும் படம் வரைய ஒப்புக்கொண்டிருந்தார். எழுதியவர் 24 வயது டிக்கன்ஸ், தொடர் 'பிக்விக் பேப்பர்ஸ்'. தொடரின் யோசனையே சீமோருடையதுதான். ஆனால் பையன் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாவது இதழில் ஒரு கிளைக்கதை, குடித்துச் சீரழிந்து பட்டினியில் சாகும் ஒரு பேன்டோமைம் (கிறிஸ்துமஸ் கால வேடிக்கை நாடகம், பின்னால் வருகிறேன்) பபூனைப் பற்றியது. அதற்கு வரைந்த படத்தை டிக்கன்ஸ் திருத்தச் சொன்னார். சீமோர் 'சாகும் பபூன்' படத்தைத் திரும்ப வரைந்தார். 1836 ஏப்ரல் 20 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றத்தை டிக்கன்ஸ் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்ய மாட்டேன், ஒரு மனிதன் ஏன் அந்த முடிவுக்குப் போகிறான் என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் படத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்கவும் முடிவதில்லை.

காலியான இடத்துக்கு மனுப் போட்டவர்களில் ஒரு நெட்டை இளைஞனும் இருந்தான், கையில் மாதிரிப் படங்களோடு. டிக்கன்ஸ் வேண்டாம் என்றார். அந்த இளைஞன் தாக்கரே. பதினோரு வருடம் கழித்து, மாதம் ஒரு ஷில்லிங் விலையில் 'வேனிட்டி ஃபேர்' தொடரை எழுதியபோது படங்களையும் தாமே வரைந்தார். மாத இதழ்களின் மஞ்சள் அட்டையில் ஒரு விகடன் பீப்பாய் மேல் ஏறிப் பிரசங்கம் செய்கிறான். கேட்கிற கூட்டத்துக்கும் அதே நீளக் காது. அது என் சொந்த உருவப்படம்தான் என்று கதைக்குள்ளேயே சொல்கிறார் தாக்கரே. 1848-இல் புத்தகமாக வந்தபோது தலைப்புப் பக்கத்தில் ஒரு விகடன் சாய்ந்து உட்கார்ந்து விரிசல் விட்ட கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். சிரிப்பு இல்லை. உள்ளே இன்னொரு குட்டிப் படத்தில் விகடன் உடையில் மூக்குக்கண்ணாடி போட்ட தாக்கரேயின் முகமே இருக்கிறது, கையில் கழற்றிய முகமூடி.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இந்தப் படங்களில்தான் இருக்கிறது. வில் சாமர்ஸுக்கு அரண்மனைச் சாப்பாடு, அரண்மனைத் துணி. அவர் சோகமாக இருந்தாரா என்று யாரும் கேட்கவும் இல்லை, அவரும் எழுதி வைக்கவில்லை. விக்டோரியா காலத்தில் சிரிக்கவைத்துப் பிழைத்தவனுக்கு ராஜா கிடையாது. பத்தாயிரம் ஷில்லிங்காரர்கள்தான் ராஜா. அடுத்த மாதம் அவர்கள் வாங்குவார்களா என்று தெரியாது. அப்படி எழுதியவர்களும் வரைந்தவர்களும் விகடன் படத்தைப் போட்டபோது தங்கள் முகத்தைத்தான் போட்டார்கள். ஐரோப்பா முழுக்க அப்போது இந்தக் காற்று அடித்தது உண்மைதான். பிரான்சின் ஹ்யூகோ 1832-இல் நாடகமாக எழுதிய கூனல் விகடன் 1851-இல் இத்தாலிய வெர்டியின் இசை நாடகத்தில் 'ரிகோலெட்டோ' ஆனான். போலந்து ஓவியர் மாத்தேய்க்கோ 1862-இல் வரைந்த அரசவை விகடன் ஸ்டான்சிக், விருந்து நடக்கும் அறைக்குப் பக்கத்தில் தேசத்தை நினைத்துத் தனியே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவர்களுடைய துக்கம் பெரிய துக்கம். லண்டன் விகடனின் துக்கத்தில் கொஞ்சம் வாடகை பாக்கியும் கலந்திருக்கிறது, அதனால் அது எனக்கு நெருக்கம்.

சரி, போலீஸ்காரரை விரட்டும் மற்றவர்? பேன்டோமைம் என்றால் நாம் ஊமை நாடகம் என்று நினைப்போம். ஆங்கிலேயக் கிறிஸ்துமஸ் பேன்டோமைமைப் போலக் காது கிழியும் சமாச்சாரம் வேறு கிடையாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று தொடங்கும். ஆனால் அதன் வேர் ஊமைத்தனத்தில் இருப்பது வாஸ்தவம். 1843-இல் சட்டம் மாறும்வரை லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கவென்ட் கார்டன், கோடையில் ஹேமார்க்கெட் ஆகிய அரங்குகளுக்குத்தான். மற்றவர்கள் பாட்டு, ஆட்டம், சைகை என்று ஒப்பேற்ற வேண்டும். போதாததற்கு எல்லா வசனத்தையும் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். சைகையை எப்படி அனுப்புவது? வாய் திறக்காத பபூனிடம் எந்த வரியை வெட்டுவது?

இந்த ஓட்டையில் வளர்ந்தவர் ஜோசப் கிரிமால்டி. முன்பு பபூன் என்றால் கிராமத்து அசடு. அவனை வெள்ளை முகமும் கன்னத்தில் சிவப்புத் திட்டுகளும் வைத்த நகரத்துத் திருடனாக மாற்றியவர் இவர். தொத்திறைச்சி மாலையைத் திருடுவான், பழுக்கக் காய்ச்சிய கம்பியை அடுத்தவன் பின்பக்கம் வைப்பான், குழந்தையை மிதிப்பான், எதற்கும் வருத்தப்பட மாட்டான். 1806 டிசம்பர் 29 அன்று கவென்ட் கார்டனில் தொடங்கிய 'மதர் கூஸ்' 92 இரவு ஓடியது. 1812-இல் இரண்டு நிலக்கரி வாளிகளை பூட்ஸாக மாட்டிக்கொண்டு ஹுஸ்ஸார் குதிரைப்படையின் படாடோபச் சீருடையைக் கிண்டல் செய்தார். அந்தச் சீருடைப் பைத்தியம் யாருக்கு என்று பார்வையாளர்களுக்குத் தெரியும், அப்போது நாட்டை ஆண்ட இளவரசருக்கு. ஆக, ராஜாவைக் கிண்டல் செய்யும் பழைய உரிமை மணித் தொப்பியோடு போய்விடவில்லை, நிலக்கரி வாளிக்குள் இருந்தது. ஆப்பிள் விற்கும் கிழவியைப் பற்றிய அவருடைய பாட்டில் ஒரு சொல்லைப் பாடாமல் நிறுத்துவார், மொத்த அரங்கும் 'ஜின்!' என்று கத்தும். இன்றைக்கும் பேன்டோமைமில் ஜனங்கள் கூடவே கத்துகிறார்கள்.

குதித்துக் குதித்து நாற்பத்தைந்து வயதுக்குள் உடம்பு போயிற்று. 1828-இல் ட்ரூரி லேனில் நடந்த பிரிவு விழாவில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். 1837 மே 31 அன்று இறந்தார். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது ஜூன் 20. இருபது நாள் இடைவெளி! விக்டோரியா காலம் கிரிமால்டியைப் பார்க்கவே இல்லை, அவரைப் பற்றிப் படித்தது. 1838-இல் டிக்கன்ஸ் திருத்தி எழுதிக் குருக்‌ஷாங்க் படம் வரைந்த கிரிமால்டி நினைவுக் குறிப்புகள் வந்தன. அந்த நாற்காலிப் பாட்டும் அதில் ஒரு படம். மனச்சோர்வோடு வந்த நோயாளியிடம் டாக்டர், 'கிரிமால்டியைப் போய்ப் பாருங்கள்' என்றாராம், 'நான்தான் கிரிமால்டி' என்றாராம் நோயாளி. கேட்டிருப்பீர்கள். வேறு நடிகர்கள் பெயரிலும் இதே கதை உலாவுகிறது, நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஈவிரக்கம் இல்லாத பபூனுக்கும் சோக முகம் ஒட்டியாயிற்று.

அதே 1838 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. 1681-இல் நேஹம் டேட் என்ற கவிஞர் ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தைத் திருத்தி, முடிவைச் சுபமாக்கி, விகடன் பாத்திரத்தையே வெட்டியிருந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் லியர் விகடன் இல்லாமல்தான் புலம்பினார். கவென்ட் கார்டனில் நடிகர் மெக்ரெடி அந்தப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவரத் துணிந்தார். துணிந்தாரே தவிர, கடைசி நேரத்தில் பயம், சோக நாடகத்தில் கோமாளி வந்தால் ஜனங்கள் பேன்டோமைம் என்று நினைத்துவிடுவார்களோ என்று. ஒரு பெண்ணைப் போடலாமே என்று சக நடிகர் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இருபது வயதுக்காரியை விகடனாக்கினார். நோஞ்சான், அழகிய முகம், பாதி பேதை போன்ற சிறுவன் என்பது மெக்ரெடியின் மனப்படம். பிற்பாடு வந்த மெலிந்த, பெரிய கண் விகடன் படங்களில் எனக்கு அந்தப் பெண்தான் தெரிகிறாள்.

அப்புறம் 1888. அக்டோபர் 3 அன்று சவாய் அரங்கில் பாட்டெழுதும் கில்பர்ட்டும் இசையமைக்கும் சல்லிவனும் 'யோமென் ஆஃப் த கார்ட்' என்ற இசை நாடகம் போட்டார்கள். கில்பர்ட்டும் தாக்கரே மாதிரியே பத்திரிகையில் தன் வேடிக்கைப் பாட்டுகளுக்குத் தானே படம் வரைந்து வளர்ந்தவர். கதாநாயகன் ஜாக் பாயின்ட் வேலை தேடி அலையும் விகடன். அவன் பாட்டு முழுக்க வேலை நிபந்தனைகள்தான்: உன் மனைவி சிப்பாயோடு ஓடிப்போனாலும் எஜமானர்கள் கோபிக்க மாட்டார்கள், நீ சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கும் வரைக்கும். கடைசியில் காதலியை இழந்து உணர்வற்றுச் சாய்கிறான். லண்டனில் அந்த வேடம் போட்ட கிராஸ்மித் இதை லேசாகவே வைத்துக்கொண்டார். வெளியூர்க் குழு நடிகர்கள் செத்துப்போவதாகவே நடித்தார்கள், அதுவே நிலைத்தது. இதற்குப் பத்து நிமிட நடை தூரத்தில், அதே டிசம்பர் 26, ட்ரூரி லேன் பேன்டோமைமில் குள்ளமான ஒரு கட்டைச்செருப்பு நடனக்காரர் முதல்முறையாக மேடையேறினார். கெட்ட அத்தை வேடம். பெயர் டான் லெனோ. மணியும் இல்லை, கோலும் இல்லை. பழைய பாவாடை ஒன்று, அண்டை வீட்டு விவகாரம் பேசும் வாய் ஒன்று. அதற்குள் பழைய பபூன் பகுதி பேன்டோமைமின் வாலாகச் சுருங்கியிருந்தது. லெனோ பதினாறு கிறிஸ்துமஸ் அங்கேயே இருந்தார். 1898-இல் அவர் பெயரிலேயே ஒரு படக்கதைப் பத்திரிகையும் வந்தது.

விக்டோரியா 1901 ஜனவரியில் காலமானார். அந்த நவம்பரில் புது ராஜா ஏழாம் எட்வர்ட், லெனோவை சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு வரவழைத்தார். ரத்தினம் பதித்த டை பின் பரிசு. பத்திரிகைகள் 'ராஜாவின் விகடன்' என்று எழுதின. வாலட் தானே சூட்டிக்கொண்டதை இவருக்கு ஊர் சூட்டியது. இரண்டு வருடத்துக்குள் மனநிலை பாதித்து, 1904 அக்டோபரில் 43 வயதில் இறந்தார். எந்த ஓவியரும் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இல்லாத விகடன்.

ரம்மி ஜோக்கர்: ஆம், உடை இவருடையதுதான், ஆள் அமெரிக்கர். 1860-களில் யூக்கர் என்ற சீட்டாட்டத்துக்காக அங்கே சேர்த்த உபரிச் சீட்டு அது. முதலில் அதில் என்னென்னவோ படம் போட்டார்கள், 1880-களில் லண்டன் அச்சகங்களும் அடிக்கத் தொடங்கியபோது மணித் தொப்பி கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். அந்த அழும் விகடன் படத்தை போனில் எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் படத்தின் கீழ் மூலைகள் இரண்டையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பொதுவாக ஒரு மூலையில் வரைந்தவர் கையெழுத்தும் இன்னொன்றில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். 'டால்சியல்' என்று இருந்தால் அந்தக் காலத்து லண்டனில் மிகப் பெரிய செதுக்குக் கூடம் அது. கட்டைகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். விகடனின் மூக்குக்கு நடுவில் ஓடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அன்புடன்.